டிவி கேமும் மெக்கானிக் அண்ணனும்

இன்னிக்கு ஒரு கொசுவத்தி சுத்தலாம்னு இருக்கேன். கொஞ்சம் நீளமான பதிவு, டீ கீ எடுத்துட்டு வந்து உக்காந்துக்கோங்க.

போன மாசம் அத்திப்பட்டு வீட்டுக்கு வெள்ளை அடிக்கணும்னு பரணை ஒழிச்சோம். ஒழிச்சோம்னா, நான் ஸ்டூல் மேல, அப்பா கீழ நின்னு "அதைத் தூக்கிப் போட்டுடாத"ன்னு டைரக்‌ஷன். திரி ஸ்டவ், கைப்பிடி போன இட்லிக் குண்டான், அப்பா தெர்மல்ல ஃபிட்டரா சேர்ந்த வருஷத்து மஞ்சள் ஹெல்மெட்னு ஒவ்வொண்ணா இறங்குச்சு. கடைசியில சணல் கயிறு கட்டின ஒரு அட்டைப்பெட்டி. பிரிச்சா, உள்ள என் டிவி கேம்!

எங்க காலத்துப் பசங்களுக்கு விளக்கவே வேண்டாம். வெள்ளையும் சிவப்புமா ஒரு பிளாஸ்டிக் பெட்டி, மேல மஞ்சள் கேசட், ரெண்டு கைப்பிடி, ஒரு துப்பாக்கி. கேசட் மேல '9999 இன் 1'னு போட்டிருக்கும், உள்ள போனா பத்துப் பன்னெண்டு கேம்தான் திரும்பத் திரும்ப வரும். மீடியா, சாமுராய், லிட்டில் மாஸ்டர்னு ஆளாளுக்கு ஒரு பேர்ல வச்சிருந்தாங்க. என்னோடது மேல ஏதோ சீன எழுத்து, அதுவும் பாதி அழிஞ்சு போயிருக்கும். அதனால அதுக்குப் பேரே 'டிவி கேம்'தான்.

1997-ல வாங்கினது. நான் ஏழாவது. பரீட்சையில கணக்குல எண்பதுக்கு மேல எடுத்தா வாங்கித் தர்றேன்னு அப்பா வாய்விட்டுட்டார். எண்பத்திரண்டு எடுத்தேன். (அதுக்கப்புறம் கணக்குல அந்த மார்க்கை நான் பார்க்கவே இல்லைங்கிறது தனிப்பதிவு.) ஒரு ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் அத்திப்பட்டு ஸ்டேஷன்ல ரயில் ஏறி, எண்ணூர், திருவொற்றியூர், கொருக்குப்பேட்டை, ராயபுரம்னு எல்லா ஸ்டேஷனையும் எண்ணிக்கிட்டே பீச் ஸ்டேஷன் போய் இறங்கினோம். எதிர்லயே பர்மா பஜார். பர்மாவுல இருந்து திரும்பி வந்த தமிழர்கள் பொழைக்கிறதுக்காக 1969-ல வந்த கடைங்க அது. எங்களுக்கு அது கப்பல்ல வர்ற எல்லாப் பொருளும் கிடைக்கிற சொர்க்கம். கடைக்காரர் ஆயிரத்து இருநூறுன்னார். அப்பா ரெண்டு தடவை நடந்து போற மாதிரி நடந்து போய், எழுநூத்தம்பதுக்கு முடிச்சார்.

அந்தக் கோடை லீவு எப்படிப் போச்சுன்னு நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேணாம். தெருவுல இருந்த எல்லாப் பசங்களும் எங்க வீட்டுத் திண்ணையிலதான். மேரியோ, காண்ட்ரா, சர்க்கஸ், டாங்கி கேம். துப்பாக்கியை டிவி கண்ணாடிக்கே ஒட்டி வச்சு வாத்து சுட்டோம். அம்மா மட்டும் "பிக்சர் ட்யூப் போயிடும், பிக்சர் ட்யூப் போயிடும்"னு மந்திரம் மாதிரி சொல்லிட்டே இருந்தாங்க.

ட்யூப் போகல. முதல்ல போனது கைப்பிடி. பிடிச்சு இழுத்து இழுத்து ஒயர் உள்ளேயே அறுந்து, மேரியோ வலது பக்கம் மட்டும் போக மாட்டேன்னுட்டான். வலது பக்கம் போகாத மேரியோவை வச்சு என்ன பண்றது? மீஞ்சூர்ல ஒரு ரேடியோ, டேப், டிவி ரிப்பேர் கடை. அந்த அண்ணனுக்கு அப்ப முப்பது வயசு இருக்கலாம். பத்தாவது ஃபெயிலாகி, ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு கடையில எடுபிடியா இருந்து தொழில் கத்துக்கிட்டவர். ஒயரைப் பத்து நிமிஷத்துல பத்த வச்சுட்டார். முப்பது ரூபாய். நான் போகாம நின்னுட்டே இருந்தேன்.

"இன்னாடா?"

"அண்ணா, பெரிய பெட்டிக்குள்ள என்ன இருக்கும்?"

சிரிச்சுட்டு அஞ்சு ஸ்க்ரூவைக் கழட்டித் திருப்பிக் காட்டினார். அவ்வளவு பெரிய பெட்டிக்குள்ள கையளவு ஒரு போர்டு. நடுவுல தார் ஊத்தின மாதிரி வட்டமா, கறுப்பா ஒரு சொட்டு. வேற ஒண்ணுமே இல்லை. மீதி எல்லாம் காலி இடம். எனக்கு ஏமாத்தமா இருந்துச்சு. அவர் அந்தச் சொட்டை நகத்தால தட்டி, "இதுக்கு உள்ளதான்டா மொத்த வேலையும். நம்பர் கூட போடாம மூடி வச்சிருக்கான் பாரு. இது போனா நான் இல்ல, எவனாலயும் ஒண்ணும் செய்ய முடியாது. ஆனா எவனோ ஒருத்தன் உக்காந்து யோசிச்சு செஞ்சிருக்கான்ல"ன்னார். ஸ்பேர் கேட்டா ரிச்சி ஸ்ட்ரீட்ல கூட சிரிப்பானுங்கன்னு வேற சொன்னார்.

இனிமேதான் மேட்டர். இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல யார்கிட்டயும் சொல்லாத விஷயம். அதனால ஒரே மூச்சுல எழுதிடறேன்.

ரிப்பேர் ஆகி ரெண்டு நாள் நல்லா ஓடுச்சு. மூணாம் நாள் அடாப்டரைக் காணோம். அம்மா எங்கேயோ எடுத்து வச்சுட்டாங்க (ஒளிச்சு வச்சுட்டாங்கன்னு படிக்கவும்). டேப் ரிக்கார்டர் அடாப்டர் கிடந்துச்சு. அதே சைஸ் பின், அதே 9 வோல்ட். எடுத்துச் சொருகினேன். ஒரு செகண்ட்ல தீஞ்ச வாசனை. அவ்வளவுதான். பெட்டி செத்துப் போச்சு. பதறிப் போய் டேப் அடாப்டரை இருந்த இடத்துலயே வச்சுட்டு, கை காலெல்லாம் கழுவிட்டு கணக்கு நோட்டை எடுத்து உக்காந்துட்டேன்.

அப்பா ஷிஃப்ட் முடிஞ்சு வந்து பார்த்தார். "நல்லாத்தானே இருந்துச்சு? அந்த மெக்கானிக் எதையோ நோண்டி வச்சிருக்கான்"ன்னார். நான் வாயைத் திறக்கல. அன்னைக்கே சைக்கிள்ல என்னையும் உக்கார வச்சுக்கிட்டு மீஞ்சூர் போனார். கடையில நாலு பேர் நிக்கிறாங்க. அவங்க முன்னாடியே, "ஒயரைப் பத்த வைக்கச் சொன்னா பெட்டியை எதுக்குய்யா கழட்டினே? எழுநூத்தம்பது ரூபாய் சாமான்"ன்னு பிடிச்சுக்கிட்டார். கழட்டிக் காட்டச் சொன்னது நான். அதையும் சொல்லல.

அண்ணன் ஒண்ணும் பேசாம பெட்டியைத் திறந்தார். பார்த்தார். அப்புறம் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். எனக்கு அந்தப் பார்வையிலயே தெரிஞ்சு போச்சு, அவருக்குத் தெரிஞ்சு போச்சுன்னு. "மூணு நாள் கழிச்சு வாங்க சார், பாத்துத் தரேன்"ன்னார். அவ்வளவுதான்.

மூணு நாள் கழிச்சுப் போனோம். ஓடுச்சு. பார்ட்டுக்கு மட்டும் நாப்பது ரூபாய் கேட்டார். "நீ கெடுத்ததுக்கு நான் காசு கொடுக்கணுமா?"ன்னுட்டு அப்பா பெட்டியை எடுத்துக்கிட்டார். அண்ணன் மறுபேச்சு பேசல. அடாப்டர் ஒயர்ல சிவப்பு டேப் சுத்தியிருந்தார், பெட்டியில ஓட்டைக்குப் பக்கத்துலயும் ஒரு சின்ன சிவப்பு டேப். அப்பா சைக்கிள் ஸ்டாண்டை எடுக்கப் போனப்ப என்கிட்ட மெதுவா, "செகப்பு டேப்பு இருக்கறதை மட்டும் சொருவு. தெர்தா?"ன்னார்.

தலையாட்டினேன். அதுக்கப்புறம் அந்தக் கடைப் பக்கம் போகவே இல்லை. அப்பா சும்மா இருந்தாரா? தெருவுல எல்லார்கிட்டயும் "அவன்கிட்ட கொடுக்காதீங்க, கெடுத்துடுவான்"னு சொல்லி வச்சார். ரெண்டு மூணு வீட்டுக்காரங்க டிவியைத் தூக்கிக்கிட்டு வேற கடைக்குப் போனதை நானே பார்த்திருக்கேன்.

இதை இங்க நிறுத்திட்டு கொஞ்சம் வெளியூர் போயிட்டு வருவோம். காரணம் இருக்கு.

நெட் கனெக்‌ஷன் வீட்டுக்கு வந்த காலத்துல எல்லாரும் என்னென்னவோ தேடினாங்க. நான் தேடினது அந்தக் கறுப்புச் சொட்டை. எவனோ ஒருத்தன் உக்காந்து யோசிச்சான்னாரே, அது எவன்? அப்ப பிடிச்ச பைத்தியம் இன்னும் விடல. அந்தப் பொறியாளர்கள் வயசான காலத்துல கொடுத்த பேட்டி, சொன்ன நினைவுகள் எது கிடைச்சாலும் படிச்சுடுவேன்.

நம்ம பெட்டிக்கு அப்பன் ஜப்பான்ல இருக்கிற நிண்டெண்டோவோட ஃபேமிகாம். 1983 ஜூலை 15-ல வந்தது, விலை 14,800 யென். வடிவமைச்ச டீமுக்குத் தலைவர் மசாயுகி உயெமுரா. அந்தக் கதையை அவர் 2020-ல ஒரு பேட்டியில சொல்லியிருக்கார். 1981 நவம்பர்ல ஒரு ராத்திரி முதலாளி யமௌச்சி வீட்டுக்கே போன் பண்றார். டிவியில கேசட் மாத்தி மாத்தி விளையாடற மாதிரி ஒரு பெட்டி செய்யணும்ங்கறார். முதலாளி அப்ப தண்ணியில இருந்தாராம். "சரிங்க முதலாளி"ன்னுட்டு நம்ம ஆளு போனை வச்சுட்டார். மறுநாள் ஆபீஸ்ல முதலாளி வந்து நின்னப்பதான் அது விளையாட்டுப் பேச்சு இல்லைன்னு புரிஞ்சிருக்கு. :-)

அடுத்து அவர் செஞ்சதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். மத்த கம்பெனி பெட்டிகளையெல்லாம் வாங்கிப் பிரிச்சுப் போட்டார். அதுவும் போதாதுன்னு சிப் மேல இருக்கிற பிளாஸ்டிக்கையே கரைக்கச் சொல்லி, உள்ள ஓடுற கோடுகளைப் பார்த்தாராம். பிரிச்சுப் பார்க்காம தூக்கம் வராத ஜாதி! பின்னாடி தைவான்காரங்க இவரோட சிப்பை அதே மாதிரி நோண்டி, நம்ம பர்மா பஜார் பெட்டியைச் செஞ்சாங்க. அதை மீஞ்சூர்ல ஒருத்தர் கழட்டி எனக்குக் காட்டினார்.

உயெமுரா சொன்னதுல பாதி, குழந்தைங்க இந்தப் பெட்டியை என்ன பாடு படுத்தும்ங்கிற கவலைதான். அந்தக் காலத்துல பல கேம்களுக்கு கியர் ராடு மாதிரி நட்டுக்கிட்டு நிக்கிற குச்சி இருக்கும். அவங்க யோசிச்சாங்க: விளையாடிட்டு அப்படியே தரையில போட்டுட்டுப் போவான், இன்னொருத்தன் வந்து மிதிப்பான், குச்சி உடைஞ்சுடும். அதனாலதான் தட்டையா, நாலு பக்கம் அமுக்குற சிலுவைப் பட்டன். (அதை முதல்ல கண்டுபிடிச்சது அதே கம்பெனி குன்பெய் யோகோய், கையடக்க கேமுக்காக.) முதல்ல வந்த பெட்டிகள்ல பட்டன் சதுரமா ரப்பர்ல இருந்துச்சு, அது அமுங்கிப் போய் ஓரத்துல மாட்டிக்கும். அப்புறம் வட்டமா மாத்தினாங்க. கேசட்டை வெளிய தள்ள ஒரு நெம்புகோல் இருக்குமே, ஞாபகம் இருக்கா? உண்மையில அது தேவையே இல்லையாம். கையாலயே பிடுங்கிடலாம். குழந்தைங்க தட்டித் தட்டி விளையாடுங்களேன்னு வச்சதாம். சார், சத்தியமா விளையாடினோம். எங்க தெரு செந்திலுக்கு கேமை விட அதைத் தட்டறதுதான் பிடிக்கும். (பேர் மாத்தியிருக்கேன், அவன் இப்ப பெரிய அதிகாரி.)

அந்தத் துப்பாக்கி விஷயத்தையும் சொல்லிடறேன். நிண்டெண்டோவுக்கு வர்றதுக்கு முன்னாடி உயெமுரா ஷார்ப் கம்பெனியில வெளிச்சத்தை உணர்ற செல்லுகளை வித்துக்கிட்டிருந்தார். அப்படி விக்கப் போன இடம்தான் நிண்டெண்டோ. வாத்து சுடுற துப்பாக்கிக்குள்ளயும் அதே சமாச்சாரம்தான். துப்பாக்கியில இருந்து எதுவும் டிவிக்குப் போறதில்லை, டிவி வெளிச்சம்தான் துப்பாக்கிக்குள்ள வருது. விசையை இழுத்த உடனே திரை ஒரு கணம் கறுப்பாகி, வாத்து இருக்கிற இடத்துல மட்டும் வெள்ளைக் கட்டம் வரும். துப்பாக்கி அந்த வெள்ளையைப் பார்த்துட்டா வாத்து காலி. அந்த மினுக்கைக் கண்ணால பார்த்திருப்போம், ஏன்னுதான் கேட்டதில்லை. பழைய குண்டு டிவியில மட்டும்தான் இது நடக்கும். இப்ப சுவர்ல மாட்டியிருக்கிற டிவியில நூறு தடவை சுட்டாலும் நாய் சிரிக்கும்.

இவருக்கு முன்னாடி ரெண்டு பேரைச் சொல்லணும்.

ஒருத்தர் ரால்ஃப் பேர். டிவியில கேம் விளையாடலாம்ங்கிறதையே வீட்டுக்குக் கொண்டு வந்தவர். 1922-ல ஜெர்மனியில பொறந்த யூதர், 1938-ல ஹிட்லருக்குத் தப்பிச்சு குடும்பத்தோட அமெரிக்கா போனவர். அங்க ஃபேக்டரி வேலை பார்த்துக்கிட்டே ஒரு விளம்பரம் பார்த்து தபால் வழியில ரேடியோ ரிப்பேர் படிச்சார். நியூயார்க்ல ரேடியோ ரிப்பேர் பண்ணித்தான் சம்பாதிச்சார். ஆமாங்க, மெக்கானிக்! 1951-லயே ஒரு கம்பெனியில டிவி செய்யச் சொன்னப்ப "அதுக்குள்ள ஒரு விளையாட்டும் வச்சுடலாமே"ன்னு கேட்டிருக்கார். "வேலையைப் பாருய்யா"ன்னுட்டாங்க. 1966-ல நியூயார்க் பஸ் ஸ்டாண்டுல ஒருத்தருக்காகக் காத்துக்கிட்டிருந்தப்ப மறுபடி அந்த யோசனை வந்துச்சு. செப்டம்பர் 1-ஆம் தேதி நாலு பக்கம் எழுதி வச்சார். அப்ப அவர் வேலை பார்த்தது ராணுவத்துக்கு எலக்ட்ரானிக்ஸ் செய்யற சாண்டர்ஸ் கம்பெனியில. அங்க பில் ஹாரிசன், பில் ரஷ்னு ரெண்டு பேரைச் சேர்த்துக்கிட்டு செஞ்ச பழுப்புப் பெட்டிதான் 1972-ல மேக்னவாக்ஸ் ஒடிஸியா கடைக்கு வந்துச்சு. அதுல கம்ப்யூட்டரே கிடையாது. டிரான்சிஸ்டரும் டயோடும்தான். திரையில ரெண்டு மூணு வெள்ளைப் புள்ளி, ஒரு கோடு. சத்தமும் கிடையாது. டென்னிஸ் கோர்ட் வேணுமா? கோர்ட் படம் போட்ட பிளாஸ்டிக் தாளை டிவி மேல ஒட்டிக்கணும்! எங்க அம்மா பார்த்திருந்தா என்ன சொல்லியிருப்பாங்கன்னு யோசிச்சுச் சிரிச்சேன்.

இன்னொருத்தர் ஜெர்ரி லாசன். இவரைப் பத்திப் படிச்சப்ப ராயபுரத்து ஆள் ஒருத்தரைப் பத்திப் படிக்கிற மாதிரியே இருந்துச்சு. நியூயார்க்ல வளர்ந்த கறுப்பினத்தவர். அப்பா துறைமுகத்துல சரக்கு ஏத்தி இறக்குற தொழிலாளி. ஆனா அறிவியல்னா உசிரு. பையன் சின்ன வயசுலயே வீட்டு ஜன்னல்ல ஆண்டெனா கட்டி ஹாம் ரேடியோ வச்சிருந்தான். டீன் ஏஜ்ல வீடு வீடா போய் டிவி ரிப்பேர் பண்ணிக் காசு சம்பாதிச்சான். இன்னொரு மெக்கானிக்! அவர்தான் ஃபேர்சைல்ட் கம்பெனியில 1976-ல வந்த 'சேனல் எஃப்' பெட்டிக்குப் பொறியாளர் தலைவர். கேசட் மாத்தினா கேம் மாறும்ங்கிறது, அதாவது சிப்பையே ஒரு டப்பாவுக்குள்ள வச்சு சொருகிக் கழட்டறது, வீட்டுக்கு முதல்ல வந்தது அதுலதான். முதல் மாதிரியைச் செஞ்சவங்க ஆல்பெக்ஸ்னு சின்ன கம்பெனிக்காரங்க ரெண்டு பேர், வாலஸ் கிர்ஷ்னர், லாரன்ஸ் ஹாஸ்கெல். ஜனங்க கையில கொடுக்கிற மாதிரி ஆக்கினது லாசன் டீம். லாசன் 2009 பேட்டியில சொல்றார்: அதுவரைக்கும் சாதாரண ஜனங்க கையால சிப்பைத் தினமும் சொருகிக் கழட்டற மாதிரி எந்தப் பொருளும் கிடையாது. எத்தனை தடவை தாங்கும்னு சொல்ல ஒரு கணக்கும் இல்லை. குழந்தை கரண்ட் ஓடும்போதே பிடுங்குவான், திருப்பிச் சொருகுவான், என்ன ஆகும்? அதுதான் பயம்.

கேசட்டைப் பிடுங்கி, ஊதி, எச்சில் தெறிக்க ஊதி, திருப்பிச் சொருகின ஒருத்தனா சொல்றேன், அந்தப் பயம் நியாயமானது.

2011 மார்ச்ல அமெரிக்காவுல கேம் செய்யறவங்க சங்கம் லாசனைக் கூப்பிட்டு மரியாதை செஞ்சாங்க. அதுக்கு அடுத்த மாசம் ஏப்ரல் 9-ல போயிட்டார். ரால்ஃப் பேர் 2014 டிசம்பர் 6. உயெமுரா 2021 டிசம்பர் 6. தேதி ஒண்ணா இருக்கிறதுல ஒண்ணும் அர்த்தமில்லை, இருந்தாலும் பார்த்தப்ப ஒரு மாதிரி இருந்துச்சு.

சரி, இவங்களுக்கெல்லாம் பேர் இருக்கு, பேட்டி இருக்கு. என் பெட்டியைச் செஞ்சவங்களுக்கு? தைவான் யூஎம்சி கம்பெனி நம்மூர் மாதிரி டிவிகளுக்காக 6527, 6538னு சிப்புகள் செஞ்சாங்க. சில பெட்டிகளைத் திறந்தா அந்த நம்பர் இருக்கும். அதுல ஒரு நுணுக்கம். ஜப்பான் டிவி செகண்டுக்கு 60 படம் காட்டும், நம்ம டிவி 50. ஜப்பான் கேசட்டை அப்படியே நம்ம டிவிக்கு ஓட்டினா கேம் போடற கணக்கெல்லாம் உதைக்கும். ஐரோப்பாவுக்கு நிண்டெண்டோவே வேற கணக்குல சிப்பு செஞ்சுது, அதுல சில ஜப்பான் கேம்கள் தகராறு பண்ணும். தைவான்காரங்க என்ன செஞ்சாங்கன்னா, ஒவ்வொரு படம் முடியும்போதும் 51 வெத்துக் கோடு ஓட விட்டுட்டு, அப்புறம்தான் 'படம் முடிஞ்சுது'ன்னு கேமுக்குச் சொல்ற மாதிரி வச்சுட்டாங்க. கேம் இன்னும் ஜப்பான்லயே இருக்கோம்னு நினைச்சுக்கும்! வேகம் மட்டும் ஆறுல அஞ்சு பங்கா குறையும். காலேஜ்ல கம்ப்யூட்டர்ல முதல் தடவையா ஒரிஜினல் மேரியோ பாட்டைக் கேட்டப்ப "ஏன் இவ்ளோ ஓட்டமா ஓடுது"ன்னு முழிச்சேன். நாங்க கேட்டது நிதானமான மேரியோ. திருட்டு காப்பிதான், மறுக்கல. ஆனா அதுக்குள்ளயும் எங்க டிவியை நினைச்சு ஒருத்தர் ராத்திரி கண்ணு முழிச்சிருக்கார். அவர் பேர் எந்தப் பேட்டியிலயும் இல்லை.

இப்ப பரணுக்குத் திரும்பி வருவோம்.

பெட்டி கிடைச்ச அன்னிக்கு ராத்திரியே ஸ்க்ரூ டிரைவர் எடுத்து உக்காந்துட்டேன். இப்ப எனக்கு ஓரளவு எலக்ட்ரானிக்ஸ் தெரியும், கறுப்புச் சொட்டைப் பார்க்கணும்னுதான் திறந்தேன். அஞ்சு ஸ்க்ரூவுல மூணுதான் இருந்துச்சு. சொட்டு அப்படியே இருக்கு. அதுக்குப் பக்கத்துல 7805. வெளிய இருந்து வர்ற 9 வோல்ட்டை 5 வோல்ட்டா இறக்கிக் கொடுக்கிற மூணு கால் சாமான் அது. அதோட ஈயம் மட்டும் பளபளன்னு வேற மாதிரி இருந்துச்சு. அண்ணன் மாத்தினது. நான் அன்னிக்கு எரிச்சது இதைத்தான். ஃபேமிகாம் அடாப்டர்ல நடுவுல மைனஸ், வெளிய ப்ளஸ். காப்பி அடிச்சவங்க அதையும் அப்படியே காப்பி அடிச்சுட்டாங்க. எங்க டேப் அடாப்டர்ல நேர் எதிர். தலைகீழா கரண்ட் போனதை இந்த 7805 தாங்கிட்டுச் செத்ததாலதான் சொட்டு பொழைச்சிருக்கு.

அப்புறம்தான் இன்னொண்ணைப் பார்த்தேன். அடாப்டர் சொருகுற ஓட்டையில இருந்து போர்டுக்குப் போற தடத்தை பிளேடால கீறி வெட்டியிருக்கு. வெட்டின இடத்துக்கு மேல பாலம் மாதிரி ஒரு டயோடு. 4007. ரெண்டு காலுக்கும் மஞ்சள் ஸ்லீவ் போட்டு, பக்கத்துல எதுலயும் படாம அழகா வளைச்சுப் பத்த வச்சிருக்கு. அதுலயும் அதே பளபள ஈயம்.

டயோடு ஒரு பக்கம்தான் கரண்ட் விடும். தலைகீழா எந்த அடாப்டரைச் சொருகினாலும் ஒண்ணும் ஆகாது. பெட்டி ஓடாது, அவ்வளவுதான். எரியாது. கம்பெனிக்காரன் வைக்காதது அது. ரிப்பேருக்கும் தேவையில்லாதது. சிவப்பு டேப்பை இந்தப் பையன் கவனிக்க மாட்டான், மறுபடி இதையே செய்வான்னு நினைச்சு வச்சது.

செஞ்சேன். அதான் விஷயம். எட்டாவது படிக்கும்போது அதே டேப் அடாப்டரை இன்னொரு தடவை மாத்திச் சொருகியிருக்கேன். பெட்டி ஓடல, பதறிப் போய்ப் பிடுங்கிட்டு சரியானதைச் சொருகினேன், ஓடுச்சு. என் நல்ல நேரம்னு நினைச்சுக்கிட்டேன்.

ராத்திரி பதினோரு மணி இருக்கும். அப்பா டிவி முன்னாடி. போய் உக்காந்து எல்லாத்தையும் சொன்னேன். அடாப்டர், 7805, கழட்டிக் காட்டச் சொன்னது, டயோடு எல்லாம். போர்டைக் கையில கொடுத்தேன். அவர் முப்பது வருஷம் ஃபிட்டரா இருந்தவர், வேலையைப் பார்த்தா புரியும். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு டயோடு காலை விரலால தடவிப் பார்த்துட்டே இருந்தார். என்னைத் திட்டுவார்னு நினைச்சேன். திட்டல.

"இது என்ன விலை இருக்கும் அப்ப?"

"டயோடா? எட்டணா இருக்கும். 7805 ஒரு எட்டு, பத்து ரூபாய்."

"நாப்பது கேட்டான்ல?"

"ஆமாப்பா."

"மூணு நாள் வேலை"ன்னார். அதுக்கப்புறம் ஒண்ணும் பேசல. டிவியையும் அணைக்கல.

போன ஞாயித்துக்கிழமை காலையில நான் எழுந்து வந்தா, அப்பா சட்டை மாட்டிக்கிட்டு ரெடி. மீஞ்சூர் போனோம். கடை இருந்த இடத்துல இப்ப செல்போன் கவர் விக்கிறாங்க. அங்க இருந்த பையனுக்கு ஒண்ணும் தெரியல. எதிர்ல டீக்கடைப் பெரியவருக்குத் தெரிஞ்சிருந்துச்சு. தட்டை டிவி வந்தப்புறம் ஓட்டம் இல்லாம கடையைக் காலி பண்ணிட்டாராம். பொன்னேரி பக்கம் பொண்ணு வீட்டோட இருக்கார், மிக்ஸி, ஃபேன் எல்லாம் வீட்டுலயே பார்த்துக் கொடுக்கறார்னு சொன்னார். அப்பா "போன் நம்பர் இருக்கா?"ன்னு கேட்டார். இல்லை. தெருப் பேர் மட்டும் சொன்னார். அதை அப்பா டிக்கெட்டுக்குப் பின்னாடி எழுதிக்கிட்டார்.

டீ குடிச்சுட்டு ஸ்டேஷனுக்கு வந்தோம். வீட்டுக்குப் போற ரயில் இந்தப் பக்கத்து பிளாட்பாரம். அப்பா படியேறி அந்தப் பக்கம் போய் நின்னார். அனுப்பம்பட்டு, அதுக்கு அடுத்தது பொன்னேரி. ரெண்டே ஸ்டேஷன்.